சூடேறும் ரப்பர்

1,200 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எடை நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பிரிந்தால் ஒவ்வொன்றின் மேலும் 300 கிலோ. டயருக்குள் 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ அழுத்தம். 300ஐ 2.25ஆல் வகுத்தால் 133. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது இந்தச் சுமார் 133 சதுர சென்டிமீட்டரில்தான். நீளம் பன்னிரண்டு, அகலம் பதினொன்று என்று ஒரு சின்னக் கட்டம். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் இது தோராயக் கணக்கு. ஆனாலும் விஷயம் புரிந்துவிடும். எஞ்சின் தரும் உந்துதல், பிரேக் தரும் நிறுத்தம், ஸ்டீயரிங் தரும் திருப்பம் எல்லாமே இந்த நான்கு கட்டங்களின் வழியாகத்தான் சாலைக்குப் போய்ச் சேரவேண்டும். காருக்குப் பெரிய டர்போவும் பெரிய பிரேக்கும் மாட்டுகிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். டயரால் கொடுக்க முடியாததை வேறு எந்த உறுப்பாலும் கொடுக்க முடியாது.

டயர் எவ்வளவு கொடுக்கும்? பள்ளியில் படித்த உராய்வு விதியை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1699இல் பிரெஞ்சு அறிஞர் கியோம் அமோன்தோன் சொன்ன விதி அது. உராய்வு விசை எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை. மரக்கட்டைக்கும் இரும்புக்கும் சரி. ரப்பர் இரண்டு பாதியையும் மீறுகிறது. ரப்பர் டயரின் மேல் எடை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிப்பதில்லை, கொஞ்சம் குறைவாகவே ஏறுகிறது. இந்தச் சின்னக் குறைதான் கார் வடிவமைப்பின் பாதியைத் தீர்மானிக்கிறது.

எப்படி என்று பார்க்கலாம். 300 கிலோ சுமை உள்ள டயரின் உராய்வுக் கெழு 1.1 என்று வைத்துக்கொள்வோம். முன்னச்சில் இரண்டு டயர்களும் சேர்ந்து 660 கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் பிடிக்கும். இப்போது கார் வலப்பக்கம் திரும்புகிறது. எடை இடப்பக்கம் சாய்கிறது. இடது டயரில் 450, வலது டயரில் 150. சுமை கூடிய டயரின் கெழு 1.0ஆக இறங்கி, சுமை குறைந்த டயரின் கெழு 1.2ஆக ஏறுகிறது என்று கொண்டால் 450, அதோடு 180, மொத்தம் 630. எடை எங்கும் போய்விடவில்லை, ஆனால் 30 கிலோ பிடிமானம் காணாமல் போய்விட்டது. ஸ்போர்ட்ஸ் கார்கள் ஏன் தரையோடு தரையாகத் தாழ்ந்திருக்கின்றன, ஏன் அகலமான டயர் போடுகின்றன என்பதற்கான காரணங்களில் பெரிய பங்கு இந்தக் கூட்டல் கணக்குக்கு உண்டு.

ரப்பர் ஏன் இப்படி நடந்துகொள்கிறது? அது சாலையை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று ஒட்டுதல். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் கல்லின் பரப்போடு கணநேரம் பிணைந்து, இழுபட்டு, விடுபட்டு, மறுபடி பிணைகின்றன. இரண்டாவது அமுங்கி மீள்தல். தார்ச்சாலை கண்ணாடி போல் வழுவழுப்பாக இருப்பதில்லை; ஜல்லியின் முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முனையின் மேலும் ரப்பர் அமுங்கி ஏறி, மறுபுறம் இறங்குகிறது. இறங்கும்போது முழு வேகத்தில் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட்டால் முன்பக்கம் வாங்கிய தள்ளும் பின்பக்கம் கொடுக்கும் தள்ளும் சமமாகிவிடும், பிடிமானம் மிஞ்சாது. ரப்பர் சோம்பலாகத் திரும்புகிறது. அந்தத் தாமதத்தால் முன்பக்கத் தள்ளு ஜெயிக்கிறது. திருப்பித் தராத ஆற்றல் ரப்பருக்குள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. ஆற்றலை வீணாக்குவதால்தான் டயர் சாலையைப் பிடிக்கிறது. அந்த வீணாக்கலேதான் டயரைச் சூடாக்கி அழிக்கவும் செய்கிறது. இந்த அத்தியாயத்தில் இனி வரும் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

1958இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிரீன்வுட்டும் டேபரும் ஓர் அழகான சோதனையை வெளியிட்டார்கள். ரப்பர் பரப்பை நன்றாக வழுக்கும்படி செய்து, அதன்மேல் கடினமான குண்டை இழுத்தார்கள். வழுக்கும் படலம் இருப்பதால் ஒட்டுதல் ஏறக்குறைய இல்லை. அப்படியும் எதிர்விசை இருந்தது. ரப்பர் அமுங்கி மீள்வதில் ஆகும் இழப்பு எவ்வளவோ அவ்வளவு. மழையில் ஒட்டுதல் கழுவப்பட்டுவிடும் சாலையிலும் அதிக இழப்புள்ள ரப்பர் பிடிக்கும் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

அடுத்த அடியை 1963இல் கே. ஏ. கிராஷ் எடுத்துவைத்தார். டயரைப் பற்றி ஒரே ஓர் ஆய்வுக் கட்டுரையைத்தான் படிக்கலாம் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். ரப்பர் துண்டுகளைக் கண்ணாடி மேலும் சொரசொரப்பான பரப்பு மேலும் மிக மெதுவாக, உராய்வால் சூடு ஏறாத அளவுக்கு மெதுவாக, இழுத்தார். உறைநிலைக்கு வெகு கீழிருந்து கொதிக்கும் நீரின் சூடு வரை பல வெப்பநிலைகளில் இதைச் செய்தார். ஒவ்வொரு வெப்பநிலைக்கும், இழுக்கும் வேகம் மாற மாற உராய்வு எப்படி மாறுகிறது என்று காட்டும் ஒரு கோடு கிடைத்தது. அந்தக் கோடுகளைப் பக்கவாட்டில் நகர்த்தி அடுக்கியபோது அவை ஒன்றோடொன்று பொருந்தி, நடுவில் மேடு உள்ள ஒரே வளைகோடாக ஆகிவிட்டன. வேகமாக இழுப்பதும் குளிர வைப்பதும் ரப்பருக்கு ஒரே அனுபவம்தான். வேகத்தைக் கூட்டி ஏற்படும் விளைவை வெப்பத்தைக் கூட்டிச் சரிக்கட்டிவிடலாம்.

ஜவ்வு மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்ல இழுத்தால் நூலாக நீளும், வெடுக்கென்று இழுத்தால் முறியும். மார்கழி விடியலில் மெல்ல இழுத்தாலும் முறியும், வெயிலில் வைத்தால் வேகமாக இழுத்தாலும் நீளும். ரப்பரும் அதே குணம் உள்ளது. மிகக் குளிர்ந்தால் கண்ணாடியைப் போல விறைத்து, ஜல்லியின் இடுக்குகளில் புகாது. மிகச் சூடானால் மீள்வதில் தாமதமே இல்லாமல் துள்ளும், அல்லது வலுவிழந்து கிழியும். இடையில் ஓரிடத்தில் இழப்பு உச்சத்தில் இருக்கும். அதுதான் பிடிமானத்தின் மேடு. ஆகவே “இது நல்ல டயரா?” என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். எத்தனை டிகிரியில் நல்ல டயர் என்று கேட்டால்தான் கேள்வி முழுமையாகும்.

சாதாரணச் சாலைக்கான டயர் தயாரிப்பவர்கள் இந்த அறிவை வேறு திசையில் பயன்படுத்தினார்கள். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்குச் சுமார் 14 தடவை சுற்றுகிறது; சுற்றுக்கு ஒரு தடவை டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையில் அமுங்கி மீள்கிறது. எரிபொருளைத் தின்னும் உருள்தடை இந்த மெதுவான அமுங்கலில் பிறப்பது. பிடிமானமோ ஜல்லி முனைகளின் மேல் வினாடிக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் நடக்கும் அதிர்வுகளில் பிறப்பது. எனவே மெதுவான அதிர்வில் இழப்புக் குறைவாகவும் வேகமான அதிர்வில் இழப்பு அதிகமாகவும் உள்ள கலவையைச் செய்ய முடிந்தால் இரண்டு பலனும் கிடைக்கும். கார்பன் பிளாக்கின் இடத்தில் பெருமளவு சிலிக்காவைச் சேர்த்து மிஷலின் நிறுவனம் 1992இல் கொண்டுவந்த டயர் இந்தத் தந்திரத்தில் உருவானது. இன்று ஷோரூமிலிருந்து வரும் பெரும்பாலான கார்களின் டயரில் சிலிக்கா இருக்கிறது.

இனி பந்தயத் தடத்துக்குப் போவோம். சென்னைக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில், இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள தடம் இருக்கிறது. அதற்கு முன்பு சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய தடம் இது. பந்தய வீரர்களாக இல்லாதவர்கள் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து, போட்டி எதுவும் இல்லாமல், பாதுகாப்பான இடத்தில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு டிராக் டே என்று பெயர். வழக்கமாக பதினைந்து இருபது நிமிடம் ஓட்டுவார்கள், இறங்கி காரை ஆறவிடுவார்கள், மறுபடி ஓட்டுவார்கள். மாலையில் அதே காரில், அதே டயரில், நெடுஞ்சாலையில் வீட்டுக்குப் போவார்கள். டயர் தேர்வில் வரும் சிக்கல் முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது.

கடைகளில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம். முதலாவது, சாலைக்கான ஸ்போர்ட்ஸ் டயர். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்றவை. மழையிலும் பிடிக்கும், காலைக் குளிரிலும் பிடிக்கும். இரண்டாவது, தடத்துக்காகவே செய்து சாலையிலும் ஓட்ட அனுமதி பெற்ற பாதி மொட்டை டயர்; பைலட் ஸ்போர்ட் கப் 2, டோயோ ப்ராக்ஸஸ் ஆர்888ஆர் போன்றவை. கோடுகள் குறைவு, ரப்பர் மென்மை, பக்கச் சுவர் விறைப்பு. மூன்றாவது, கோடே இல்லாத பந்தய மொட்டை டயர்; இதைச் சாலையில் ஓட்டக் கூடாது, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்த வகைகளுக்கு இடையே உள்ள பெரிய வேறுபாடு பிடிமான மேடு எந்த வெப்பத்தில் இருக்கிறது என்பது. முதல் வகை 20 டிகிரியிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடும். 100 டிகிரியைத் தாண்டினால் குழையத் தொடங்கும். இரண்டாவது வகை 80, 90 டிகிரிக்கு வந்தபின்தான் தன் முழுத் திறனைக் காட்டும். ஐரோப்பியப் பத்திரிகைகளில் பாதி மொட்டை டயர்களைப் பற்றி எழுதும்போது முதல் இரண்டு சுற்றுகளில் சூடேற்றுவதுதான் பெரும்பாடு என்று எழுதுகிறார்கள். 12 டிகிரி குளிரில் ஓட்டுகிறவர்களுக்கு அது சரியான கவலை. இருங்காட்டுக்கோட்டையில் ஏப்ரல் நடுப்பகலில் கறுத்த தார் வெறுங்கையை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். டயர் தடத்தில் இறங்கும் முன்பே பாதி வழி வந்துவிடுகிறது. இங்கே கவலை மறுமுனையில் இருக்கிறது. ஆறாவது ஏழாவது சுற்றில் சூடு மேட்டைத் தாண்டி மறுபுறம் இறங்கிவிடும். வெளிநாட்டுச் சோதனையில் முதலிடம் பிடித்த டயர் நம் வெயிலில் மூன்றாமிடத்துக்குப் போவது அந்தச் சோதனையின் குற்றமாகாது. அங்கே அளந்த வெப்பநிலை வேறு.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளில் கட்டாயம் பார்க்க வேண்டியவை மூன்று. சுமைக் குறியீடு: 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வேகக் குறியீடு: வி என்றால் 240 கி.மீ., டபிள்யூ 270, ஒய் 300. தயாரிப்பு வாரம்: நான்கு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. காருக்கு உரியதைவிட முதல் இரண்டிலும் குறைந்த டயரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

நான்காவதாக ஓர் எண் இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ட்ரெட்வேர் என்ற தேய்மான எண். அமெரிக்க அரசின் தர முறையிலிருந்து வருவது. டெக்சஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ நகரை ஒட்டிய 640 கி.மீ. சாலைச் சுற்றில் வண்டிகள் வரிசையாகப் போகும். மொத்தம் ஏறத்தாழ 11,600 கி.மீ. ஓடியபின் தேய்மானத்தை அளந்து, 100 என்று வைத்த ஒப்பீட்டு டயரோடு ஒப்பிடுவார்கள். 300 என்றால் அதைப்போல் மூன்று மடங்கு உழைக்கும் என்று பொருள். பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயரில் 300, கப் 2 டயரின் பல அளவுகளில் 180, ஆர்888ஆர் டயரில் 100. எண் குறையக் குறையப் பிடிமானம் கூடும் என்று ஆட்கள் படித்துக்கொள்கிறார்கள். பொதுவாக அது பொய்யில்லை. ஆனால் இந்த எண்ணை டயரின் மேல் அச்சிடுகிறவர் டயர் தயாரிப்பாளரே. அமெரிக்காவில் பல அமெச்சூர் பந்தயங்கள் 200க்குக் குறைந்த டயரை அனுமதிப்பதில்லை. எனவே 200 என்று அச்சிட்டுக்கொண்டு வரும் டயர்களுக்குள்ளேயே மென்மையில் பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த எண் பிடிமானத்தை அளந்த எண் இல்லை. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டி அளந்த தேய்மானம். 90 டிகிரியில் ரப்பர் என்ன செய்யும் என்று அது சொல்லாது.

தடத்துக்கான டயரில் கோட்டின் ஆழம் குறைவாக இருப்பது காசு மிச்சம் பிடிப்பதற்காக இல்லை. சாலை டயர் புதிதில் 8 மி.மீ. ஆழம் இருக்கும். அவ்வளவு உயரமான ரப்பர்க் கட்டைகள் ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டில் வளைந்து நெளிந்து உள்ளே சூடாகும். ஓரங்கள் துண்டு துண்டாகப் பிய்ந்து போகும். அதனால்தான் சில நாடுகளில் புதிய டயரைக் கடைசல் இயந்திரத்தில் சீவி, ஆழத்தைக் குறைத்துப் பந்தயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பாதி தேய்ந்த சாலை டயர் தடத்தில் புதிய டயரைவிட வேகமாகச் சுற்றுவது இதனால்தான்.

மழை வந்தால் கணக்கு தலைகீழ். விமான டயர்களை ஆராய்ந்த நாசாவின் வால்டர் ஹார்ன் ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் டயர் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் அளவில் கிடைக்கும். 32 பி.எஸ்.ஐ.க்குப் போட்டால் 51 நாட், மணிக்கு 94 கி.மீ. தண்ணீரை வெளியேற்றக் கோடில்லாத டயருக்குப் பொருந்தும் கணக்கு. கார் டயருக்குத் தோராயமாகத்தான் செல்லும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பக்கம் டிராக் டே முடித்துப் பாதி மொட்டை டயரில் வீடு திரும்புகிறவர் இந்த 94ஐ மனதில் வைத்துக்கொள்வது நல்லது. நெடுஞ்சாலையில் அது சர்வசாதாரண வேகம்.

தேர்வு முடிந்தது. சோதனை தொடங்குவது காற்றழுத்தத்தில். காலையில் 30 டிகிரி வெப்பத்தில் 30 பி.எஸ்.ஐ. காற்றுப் பிடித்திருக்கிறோம். அளவி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலுள்ள அழுத்தம், வளிமண்டலத்தின் 14.7ஐயும் கூட்டினால் உண்மையான அழுத்தம் 44.7. டயருக்குள் காற்று 80 டிகிரிக்குப் போகிறது. தனி வெப்பநிலையில் 303லிருந்து 353. அதே விகிதத்தில் அழுத்தமும் ஏறி 52.1 ஆகும். 14.7ஐக் கழித்தால் அளவி காட்டுவது 37.4. ஏழு பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறிவிட்டது. டயரின் நடு வயிறு உப்பி, தரையைத் தொடும் கட்டம் சுருங்கி, கார் பனிக்கட்டியில் ஓடுவது போல் மிதக்கத் தொடங்கும். “டயர் சரியில்லை” என்று டிராக் டேயில் கேட்கும் புகார்களில் பெரும்பகுதி இதுதான் என்பது என் எண்ணம். மூன்று சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்து, சூட்டோடு சூடாக அளந்து, வேண்டிய அளவுக்குக் காற்றை இறக்க வேண்டும்.

நைட்ரஜன் போட்டால் இந்த ஏற்றம் இருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. நைட்ரஜனும் இதே வாயு விதிக்குத்தான் கட்டுப்பட்டது. வித்தியாசம் ஈரத்தில் இருக்கிறது. கம்ப்ரெசர் காற்றில் தண்ணீர் இருந்தால் அது ஆவியாகி அழுத்தத்தைக் கணக்குக்கு மேலே ஏற்றும். உலர்ந்த காற்றாக இருந்தால் சாதாரணக் காற்றே போதும்.

அடுத்த கருவி வெப்பமானி. அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு அளக்கும் துப்பாக்கி வடிவக் கருவி வசதியானது, மலிவானது, ஆனால் மேல்தோலின் சூட்டை மட்டும்தான் காட்டும். பிட் லேனுக்குள் மெதுவாக உருண்டு வருவதற்குள் அந்தத் தோல் ஆறிவிடும். ரப்பருக்குள் ஓரிரு மில்லிமீட்டர் குத்தி அளக்கும் ஊசி வெப்பமானிதான் நம்பத்தக்கது. ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் குத்த வேண்டும். நடு மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் சூடு, நடு குளிர்ச்சி என்றால் காற்று குறைவு. வெளி ஓரம் மட்டும் கொதித்தால் காற்றில் குறையில்லை. சக்கரத்தின் சாய்மானத்தில் குறை. வீட்டு உபயோகக் கார்களில் வளைவில் உடல் சாயும்போது சக்கரமும் கூடவே வெளிப்பக்கம் சாய்ந்து, டயரின் வெளித்தோளில் நிற்கும். அலைன்மென்ட் கடையில் கேம்பர் என்று கேட்டு, நேராக நிற்கும்போதே சக்கரத்தின் தலையை உள்பக்கமாகச் சாய்த்து வைத்தால் வளைவில் டயர் தட்டையாக நிற்கும். சாலைக் காரில் ஒரு டிகிரிக்குள் இருக்கும் இந்தச் சாய்வைத் தடத்துக்கு ஓட்டுகிறவர்கள் இரண்டரை, மூன்று டிகிரி வரை கொண்டுபோவார்கள். இருங்காட்டுக்கோட்டையில் கடிகாரச் சுற்றாக ஓட்டுவதால் வலப்பக்கத் திருப்பங்களின் பங்கு அதிகம். இடது முன் டயரின் மூன்று எண்கள்தான் முதலில் பேசும். ஊசி வெப்பமானி இல்லாமல் டயரைச் சோதித்தேன் என்று யாராவது சொன்னால் அவர் தன் அலைன்மென்ட்டைச் சோதித்திருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு டயர்களை ஒப்பிடுவது இன்னும் கடினம். காலையில் ஒன்றை மாட்டி ஓட்டிவிட்டு, மதியம் மற்றதை மாட்டி ஓட்டி, இரண்டாவது ஒரு வினாடி வேகம் என்று முடிவு கட்டுவது வழக்கம். இடையில் எத்தனை மாறியிருக்கின்றன! தடம் சூடாகியிருக்கிறது, மற்ற கார்கள் விட்டுச்சென்ற ரப்பர் தடத்தில் படிந்திருக்கிறது, பெட்ரோல் எரிந்து கார் எடை குறைந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டுநர் தடத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறார். இதற்குத் தொழில்முறைச் சோதனையாளர்கள் கையாளும் வழி எளிது. முதலில் பழகிய டயர், பிறகு புதியது, பிறகு மறுபடி பழகியது. முதல் ஓட்டத்துக்கும் மூன்றாம் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு தடமும் ஓட்டுநரும் மாறிய அளவு. அதைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் டயரின் பங்கு. எந்த டயர் மாட்டியிருக்கிறது என்று ஓட்டுநருக்குச் சொல்லாமல் விடுவது இன்னும் நல்லது. விலை உயர்ந்த டயரை மாட்டியிருக்கிறோம் என்று தெரிந்தாலே வளைவுக்குள் கொஞ்சம் துணிச்சல் கூடிவிடும்.

ஓட்டுநரின் சிதறலையும் கணக்கில் எடுக்க வேண்டும். நல்ல அமெச்சூர் ஒருவரின் சுற்று நேரம் சராசரியிலிருந்து 0.6 வினாடி அங்குமிங்கும் சிதறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு சுற்றை வைத்து அரை வினாடி வித்தியாசத்தைக் கண்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை. ஒன்பது சுற்றின் சராசரி எடுத்தால் நிச்சயமின்மை 9இன் வர்க்கமூலத்தால் வகுபட்டு 0.2 வினாடிக்கு இறங்கும். ஆனால் ஒன்பது சுற்று ஓடுவதற்குள் டயரே சூடாகி மாறிவிடும். ஆகவே சராசரியை மட்டும் எழுதாமல் ஒவ்வொரு சுற்றையும் வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டாவது சுற்றில் மிக வேகம், ஆறாவதில் இரண்டு வினாடி சரிவு என்றால் அது ஒரு வகை டயர். நான்காவதில்தான் உச்சம், பத்தாவதிலும் அதே நேரம் என்றால் வேறு வகை. டிராக் டே ஓட்டுகிறவருக்கு இரண்டாவதுதான் பயனுள்ளது என்று தயங்காமல் சொல்வேன். பத்திரிகைகள் அச்சிடும் ஒற்றைச் சுற்று நேரம் முதல் வகையைத்தான் ஜெயிக்க வைக்கும்.

நேரத்தில் காணும் லாபம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் உராய்வுக் கெழு 1.0 என்றால் உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. கெழு பத்து சதவீதம் கூடி 1.1 ஆனால் வேகம் 84தான். வர்க்கமூலம் பாதியைச் சாப்பிட்டுவிடும். பிரேக்கில் லாபம் முழுதாகக் கிடைக்கும்: 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 39 மீட்டர் எடுத்த கார் 36 மீட்டருக்குள் நின்றுவிடும்.

எண்ணில் அகப்படாத ஒன்று பாக்கியிருக்கிறது. டயர் தன் எல்லையை எப்படித் தெரிவிக்கிறது? ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் ஒரு சிறு கோணம் விழுகிறது. அந்த நழுவுகோணம் கூடக் கூடப் பிடிமானமும் கூடி, சாலை டயரில் ஏழெட்டு டிகிரி வாக்கில் உச்சம் தொட்டு, பின் இறங்கும். கையில் உணரும் ஸ்டீயரிங் கனமோ அதற்கு முன்னமே உச்சம் தொட்டு இளகத் தொடங்கிவிடும், ஏனெனில் தரைக் கட்டத்தின் பின்பகுதி முதலில் நழுவுகிறது. “இன்னும் கொஞ்சம்தான் மிச்சம்” என்று டயர் கைக்குச் சொல்லும் சேதி அது. சாலை டயர் இந்தச் சேதியைச் சீக்கிரமாகவும் உரக்கவும், கிறீச்சென்ற ஓசையோடும் சொல்கிறது. விறைப்பான பாதி மொட்டை டயரில் உச்சத்துக்கும் சரிவுக்கும் இடைவெளி குறுகல், வேகமும் அதிகம், சேதி வருவதற்கும் கார் சுழல்வதற்கும் நடுவே நேரம் மிகக் குறைவு. தடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் ஆண்டு முழுவதும் நல்ல சாலை ஸ்போர்ட்ஸ் டயரிலேயே ஓட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அது அவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்.

டயரின் எலும்புக்கூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005 ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடத்தில் ஃபார்முலா ஒன் பந்தயம். பயிற்சியின்போது சாய்தளமுள்ள பதின்மூன்றாம் வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் இடது பின் டயர் செயலிழந்து சுவரில் மோதியது. அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் தங்கள் டயருக்குப் பொறுப்பேற்க முடியாது என்று மிஷலின் அறிவித்தது. பந்தய நாளில் மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் அறிமுகச் சுற்றோடு உள்ளே திரும்பிவிட, பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. உலகின் சிறந்த ஆய்வுக்கூடங்களில் தேறிய டயர், ஒரே ஒரு வளைவின் தொடர்ச்சியான சுமையில் தோற்றது. தடத்தில் காற்றை அதிகமாக இறக்கி ஓட்டும் அமெச்சூர்களும் சிறிய அளவில் இதே ஆபத்தைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள். அழுத்தம் குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் மடிந்து, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் சூடாகும். அதிலும் மாலையில் நடக்கும் ஒரு தவறு பரவலானது. சூட்டில் 34 இருக்கும்படி இறக்கிய டயர் ஆறியபின் 27தான் காட்டும். அப்படியே நெடுஞ்சாலையில் ஏறுகிறார்கள். கிளம்பும் முன் மறுபடி காற்றுப் பிடிக்க வேண்டும்.

ஓட்டி முடித்த டயரின் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். சின்னச் சின்ன மணிகளாகத் திரண்டு சொரசொரப்பாக இருந்தால் குளிர்ந்த ரப்பரைப் பக்கவாட்டில் இழுத்திருக்கிறோம். கொப்புளம் வெடித்த குழிகள் இருந்தால் உட்பகுதி அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. கட்டைகளின் ஓரம் பிய்ந்திருந்தால் ஆழம் அதிகமான டயரைத் தடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம். மெல்லிய மணல்தாள் போல் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் எல்லாம் சரி.

கோட்டின் ஆழம் மிச்சமிருக்கிறது என்பதால் டயர் மிச்சமிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கச்சா ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் முறையை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். நம் ஊர் பஞ்சர்க் கடைப் பலகைகளில் வல்கனைசிங் என்று எழுதியிருப்பது அதுதான். அந்த வேதிவினை தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை. தடத்தில் ஒவ்வொரு முறை 90, 100 டிகிரிக்கு ஏறி இறங்கும்போதும் ரப்பர்ச் சங்கிலிகளுக்கு இடையிலான பிணைப்புகள் மாறுகின்றன, மென்மை தரும் எண்ணெய்கள் வெளியேறுகின்றன, ஆக்சிஜன் உள்ளே புகுகிறது. ரப்பர் இறுகி, பிடிமான மேடு இன்னும் சூடான பக்கம் நகர்ந்துகொண்டே போகும். பார்வைக்குப் புதிதாக இருக்கும் டயர் முன்பு 80 டிகிரியில் பிடித்ததை இப்போது 100 டிகிரியிலும் பிடிக்காமல் போகும். ரப்பரின் மேல் வைத்து அழுத்தினால் ஷோர் ஏ அளவில் கடினத்தைக் காட்டும் சிறு கருவி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. டயர் வாங்கிய அன்று ஒரு தரம், பிறகு ஒவ்வொரு டிராக் டேக்கு முன்னும் ஒரு தரம், ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில், அளந்து தேதியோடு குறித்துவைத்தால் போதும். அந்த எண் ஏறுவதும் சுற்று நேரம் நீள்வதும் ஒரே சமயத்தில் தொடங்கினால், கோடு இன்னும் 4 மி.மீ. இருந்தாலும் அந்த டயரைத் தடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.